கருப்பை உட்படலத்தில் 'ரத்த ஓட்டம் அதிகம்': அந்த வரியை எப்படிப் படிப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கருப்பை உட்படலப் புற்றுநோய் பற்றியும் அதற்கு முந்தைய நிலை பற்றியும் நாளிதழ்களில் எழுதும்போது, புதிய ரத்தக்குழாய்கள் முளைப்பதே புற்றுநோயின் அடையாளம் என்று ஒரே வரியில் சொல்லி நகர்ந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. படித்தவர்கள் உடனே தங்கள் ஸ்கேன் அறிக்கையை எடுத்துப் பார்க்கிறார்கள். 'ரத்த ஓட்டம் அதிகம்' என்று இருந்தால் புற்றுநோயே வந்துவிட்டதாகக் கலங்குகிறார்கள். 'ரத்த ஓட்டம் காணப்படவில்லை' என்று இருந்தால், மாதவிடாய் நின்று பல ஆண்டுகளுக்குப் பிறகு பட்ட ரத்தக்கறையைக்கூடப் பொருட்படுத்தாமல் இருந்துவிடுகிறார்கள். இந்த இரண்டாவது வகையினரை நினைத்துத்தான் இந்தக் கடிதம் நீள்கிறது. பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

வளர்ந்தவர்களின் உடலில் புதிய ரத்தக்குழாய்கள் எளிதில் தோன்றுவதில்லை. குழாயின் உட்பக்கத்தைப் போர்த்தியிருக்கும் செல்கள் பெரும்பாலும் ஓய்விலேயே இருக்கும். காயம் ஆறும் இடமும் சூலகமும் இதற்கு விலக்கு. கருப்பை உட்படலமோ இன்னும் பெரிய விலக்கு. அதன் மேல் அடுக்கு மாதந்தோறும் உதிர்கிறது; அடி அடுக்கு மட்டும் தங்கி, அதிலிருந்து சுரப்பிகளும் இடைத்திசுவும் ரத்தக்குழாய்களும் சில நாட்களில் மீண்டும் எழுகின்றன. ஈஸ்ட்ரஜன் தூண்ட, விஇஜிஎஃப் என்ற புரதம் சுரக்க, குழாய்கள் நீள்கின்றன. ஆகவே உட்படலத்தில் புதுக்குழாய் தெரிந்தால் அது நோய் என்று எடுத்த எடுப்பில் சொல்லவே முடியாது. மாதவிடாயின் எந்த நாளில் திசு எடுக்கப்பட்டது என்று தெரியாமல் குழாய்களின் எண்ணிக்கையை மட்டும் பேசுவதில் பொருளில்லை.

கோளாறு தொடங்குவது ஈஸ்ட்ரஜன் தொடர்ந்து வேலை செய்து, அதைத் தணிக்க வேண்டிய புரோஜெஸ்டிரோன் போதாமல் போகும்போது. சூல்முட்டை வெளிவராத சுழற்சிகள், பிசிஓஎஸ், உடல்பருமன், ஈஸ்ட்ரஜனை மட்டும் தனியாகத் தரும் ஹார்மோன் சிகிச்சை, மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் டாமாக்சிஃபென் ஆகியவை தெரிந்த காரணங்கள். கொழுப்புத் திசுவில் உள்ள அரோமட்டேஸ் என்ற நொதி ஆண் ஹார்மோன்களை ஈஸ்ட்ரஜனாக மாற்றுவதால், மாதவிடாய் நின்ற பிறகும் உடல்பருமன் உள்ளவர்களின் உட்படலத்துக்குத் தூண்டல் ஓய்வதில்லை. உட்படலம் இப்படி அளவுக்கு மீறித் தடித்து வளர்வதே மிகைவளர்ச்சி; புற்றுநோய்க்கு முந்தைய நிலை என்று மேலே சொன்னது இதில்தான் வருகிறது. அதை உலக சுகாதார நிறுவனத்தின் 2014-ஆம் ஆண்டு வகைப்பாடு இரண்டாகப் பிரிக்கிறது: அட்டிபியா இல்லாதது, அட்டிபியா உள்ளது. அட்டிபியா என்றால் செல்லின் தோற்றமே திரிந்து போயிருக்கிறது என்று பொருள்.

இந்தப் பிரிவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மிகைவளர்ச்சி உள்ள 170 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 1985-இல் வெளியான ஆய்வில், அட்டிபியா இல்லாத 122 பேரில் 2 பேருக்கும், அட்டிபியா உள்ள 48 பேரில் 11 பேருக்கும் பின்னாளில் புற்றுநோய் வந்தது. 2006-இல் வந்த இன்னொரு பெரிய அமெரிக்க ஆய்வு மேலும் ஒரு கவலையைச் சேர்த்தது. பயாப்ஸியில், அதாவது சிறிதளவு திசு எடுத்துச் செய்யும் சோதனையில், அட்டிபியா உள்ள மிகைவளர்ச்சி என்று மட்டும் சொல்லப்பட்ட பெண்களின் கருப்பையை எடுத்துச் சோதித்தபோது, ஏறக்குறைய 43 சதவீதம் பேருக்கு அங்கே ஏற்கெனவே புற்றுநோய் இருந்தது. இந்தப் பெண்களை எந்தப் பிரிவில் வைப்பது என்று முடிவு செய்தது சுரப்பிகளின் நெருக்கமும் செல்லின் உருவமும். ரத்தக்குழாய்களின் எண்ணிக்கைக்கு அதில் பங்கில்லை.

அப்படியானால் ரத்தக்குழாய்களுக்கு இதில் என்ன வேலை? 1971-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் முன்வைத்த கருத்து இன்றும் அடித்தளமாக நிற்கிறது: தனக்கென்று புதிய குழாய்களை வரவழைத்துக்கொள்ளாத கட்டி 1 முதல் 2 மில்லிமீட்டரைத் தாண்டி வளர இயலாது. ரத்தக்குழாயிலிருந்து ஆக்சிஜன் திசுவுக்குள் 100 முதல் 200 மைக்ரான் தூரம்வரைதான் ஊறிச் செல்லும். அதற்கு அப்பால் உள்ள செல்கள் மூச்சுத்திணறும்போது எச்ஐஎஃப் என்ற புரதம் சிதையாமல் தங்கி, விஇஜிஎஃப்-ஐ உற்பத்தி செய்யச் சொல்கிறது. ஆக்சிஜன் குறைவை செல் உணரும் இந்த வழியைக் கண்டறிந்த மூவருக்கு 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. கருப்பை உட்படலத்தில் இன்னொரு முடிச்சும் உண்டு. சுரப்பிச் செல்களில் பிடென் என்ற கட்டுப்பாட்டு மரபணு செயலிழப்பது இந்த நோயின் தொடக்கத்திலேயே அடிக்கடி நிகழ்கிறது. அது போனால் ஆக்சிஜன் போதிய அளவு இருந்தாலும் எச்ஐஎஃப் உற்பத்தி கூடலாம்.

இயல்பான உட்படலம், அட்டிபியா இல்லாத மிகைவளர்ச்சி, அட்டிபியா உள்ளது, தொடக்கநிலைப் புற்றுநோய் என்று படிப்படியாக நுண்குழாய் அடர்த்தி, அதாவது குறிப்பிட்ட பரப்பில் உள்ள மிகச் சிறிய ரத்தக்குழாய்களின் எண்ணிக்கை, கூடுவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. தசைச்சுவருக்குள் ஆழமாக இறங்கிய முதல் நிலைப் புற்றுநோய்களில் அடர்த்தி மேலும் கூடியிருந்ததாகவும் சில சொல்கின்றன. இவை எல்லாம் குழுக்களின் சராசரிகள். ஒரு குழுவின் மேல்விளிம்பும் அடுத்த குழுவின் கீழ்விளிம்பும் நன்றாகவே ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. மேசையில் இருக்கும் ஒரே ஒரு பெண்ணின் ஸ்லைடைப் பார்த்து, 'இத்தனை குழாய்கள் உள்ளன, எனவே இது அட்டிபியா' என்று சொல்லும்படியான எல்லைக்கோடு இன்றுவரை இல்லை.

ஏன் இல்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எண்ணிக்கை என்றாலே அது துல்லியமானது என்ற மயக்கம் மருத்துவர்களிடமும் உண்டு.

நுண்குழாய்களை எண்ணும் முறைக்கு 1991-இல் மார்பகப் புற்றுநோயில் செய்த ஓர் ஆய்வு வழிகாட்டியது. திசுவை மெல்லிய சீவலாக வெட்டி, குழாயின் உட்பூச்சுச் செல்கள் மட்டும் பழுப்பாகத் தெரியும்படி நிறமேற்றி, முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் குழாய்கள் மிக அடர்ந்த இடத்தைத் தேடி, பிறகு 200 மடங்கில் எண்ண வேண்டும். உள்துளை தெரிய வேண்டியதில்லை; தனித்து நிற்கும் ஒரு பழுப்புச் செல்லோ செல்கூட்டமோ ஒரு குழாயாகக் கணக்கில் வரும். கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. பிசகுகள் நிறத்திலேயே தொடங்கிவிடுகின்றன. குழாயின் உட்பூச்சுச் செல்களில் உள்ள வெவ்வேறு புரதங்களைக் குறிவைத்து நிறமேற்றுவார்கள். அவற்றுள் வான் வில்லிபிராண்ட் காரணிக்கான நிறம் மிகச் சிறிய குழாய்கள் சிலவற்றைத் தவறவிடும், தட்டணுக்களிலும் ஒட்டும். சிடி 31 நிறம் பிளாஸ்மா செல்கள், மேக்ரோபேஜ்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களிலும் ஏறும், நாள்பட்ட அழற்சி உள்ள உட்படலத்தில் அது ஏமாற்றிவிடும். சிடி 34 தெளிவாக ஏறும், ஆனால் பழைய குழாயையும் புதிய குழாயையும் வேறுபடுத்தாது. சிடி 105 புதிதாகப் பெருகும் குழாய்களை நோக்கிச் சாய்வது. ஒரே ஸ்லைடில் இந்த நான்கும் நான்கு வெவ்வேறு எண்களைத் தரும்.

அடுத்தது மைக்ரோஸ்கோப். 200 மடங்கு என்று எழுதினால் போதாது. கண்வில்லையின் புல எண் 22 என்றால், 20 மடங்கு பொருள்வில்லையில் தெரியும் வட்டத்தின் விட்டம் 1.1 மில்லிமீட்டர், பரப்பு 0.95 சதுர மில்லிமீட்டர். புல எண் 18 என்றால் விட்டம் 0.9, பரப்பு 0.64 மட்டுமே. முதல் கருவியில் 57 குழாய்கள் எண்ணப்படும் அடர்த்தியில், இரண்டாவது கருவியில் 38 தான் வரும். மேலே சொன்ன 1991 ஆய்வின் புலமோ 0.74 சதுர மில்லிமீட்டர். பரப்பைக் குறிப்பிடாமல் 'ஒரு புலத்துக்கு இத்தனை' என்று எழுதிய எண்ணை இன்னோர் ஆய்வகத்தின் எண்ணோடு ஒப்பிடுவது வீண்.

கருப்பை உட்படலத்துக்கே உரிய சிக்கல் ஒன்று இதைவிட முக்கியம், அதை நாங்கள் படிக்கும் கட்டுரைகளில்கூட அரிதாகவே காண்கிறோம். ரத்தக்குழாய்கள் ஓடுவது இடைத்திசுவில். சுரப்பிகளுக்குள் அவை இல்லை. மிகைவளர்ச்சி முற்ற முற்ற சுரப்பிகள் நெருங்கி, இடைத்திசு ஒடுங்குகிறது. ஒரு சதுர மில்லிமீட்டரில் 60 குழாய்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தப் பரப்பில் 60 சதவீதம் இடைத்திசு என்றால், இடைத்திசுவின் சதுர மில்லிமீட்டருக்கு 100 குழாய்கள். இடைத்திசு 30 சதவீதமாகச் சுருங்கியிருந்தால் அதே 60 குழாய்கள் 200 ஆகிவிடுகின்றன. எதால் வகுத்தோம் என்பதைப் பொறுத்து 'கூடவில்லை' என்றும் 'இரட்டிப்பாகியது' என்றும் ஒரே ஸ்லைடைச் சொல்லிவிடலாம். ஆய்வு முடிவுகள் ஒன்றோடொன்று முரண்படுவதற்கு இது பெரிய காரணம் என்பது எங்கள் கருத்து. ஒப்பீட்டுக்கு எடுத்த இயல்பான திசுவும் இப்படியே ஏமாற்றும். மாதவிடாய் நின்றவர்களின் மெலிந்த உட்படலத்தில் திசு சுருங்கிப்போனதால் பழைய குழாய்களே நெருக்கமாகத் தெரியும். பாலிப்பில், அதாவது உட்படலத்திலிருந்து துருத்தி வளரும் சதைத் துணுக்கில், தடித்த சுவருள்ள குழாய்கள் இருப்பது அதன் இயல்பு.

எண்ணிக்கையைவிடக் குழாயின் தரம் நோயாளிக்கு நெருக்கமான விஷயம். விஇஜிஎஃப்-ஐ 1983-இல் முதலில் அடையாளம் கண்டபோது, அது குழாய்களைக் கசியச் செய்யும் பொருளாகவே அறியப்பட்டது. அதற்கு வைத்த பெயரும் அப்படித்தான். அவசரத்தில் முளைத்த குழாய்க்கு வெளியே அணைத்துத் தாங்கும் பெரிசைட் செல்கள் போதிய அளவு இருப்பதில்லை. சுவர் மெலிந்து, விரிந்து, கோணல்மாணலாகக் கிளைத்து, எளிதில் உடைகிறது. உட்படலத்தின் மேற்பரப்பிலேயே இது நடப்பதால் ரத்தம் வெளியே வந்து தெரிந்துவிடுகிறது. மாதவிடாய் நின்ற பிறகு இந்தப் புற்றுநோய் கண்டறியப்பட்ட பெண்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேருக்கு முன்னதாக ரத்தக்கசிவு இருந்திருக்கிறது. பல புற்றுநோய்கள் இவ்வளவு சீக்கிரம் குரல் கொடுப்பதில்லை. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டவர்களில் புற்றுநோய் இருப்பது சுமார் 9 சதவீதம் பேருக்குத்தான். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் மெலிந்த படலமோ பாலிப்போ போன்ற சாதாரணக் காரணங்கள்.

இனி, ஸ்கேன். ரத்த ஓட்டத்தை வண்ணத்தில் காட்டும் டாப்ளர் ஸ்கேன் காட்டுவது நுண்குழாய்களை அல்ல. ஓரளவு பெரிய குழாய்களில் ஓடும் ரத்தத்தின் அசைவை. ஃபோக்மன் பேசிய நுண்ணிய முளைப்பு அதன் கண்ணில் படாது. கருவியில் பிஆர்எஃப் என்ற அளவை 0.3 முதல் 0.9 கிலோஹெர்ட்ஸுக்குள் தாழ்த்தி வைக்காவிட்டால் மெதுவான ஓட்டம் தெரியவே தெரியாது. வண்ண கெயினை, அதாவது வண்ணம் பதியும் உணர்திறனை, கூட்டிவிட்டாலோ இல்லாத ஓட்டமும் பளிச்சிடும். ஆகவே வெறும் 'அதிகம்', 'குறைவு' என்ற சொற்கள் பயன்படுவதில்லை. ஓட்டத்தின் அளவைக் குறிக்கும் வண்ண மதிப்பெண் 1 முதல் 4 வரை எவ்வளவு, குழாய்களின் அமைப்பு என்ன என்று அறிக்கை சொல்ல வேண்டும். தசைச்சுவரிலிருந்து ஒற்றைக் குழாய் உள்ளே நுழைந்தால் அது பாலிப்பை நினைக்கவைக்கும். பல குழாய்கள் ஒரே இடத்திலிருந்தோ பல இடங்களிலிருந்தோ ஒழுங்கின்றி நுழைந்தால் புற்றுநோய்ச் சந்தேகம் வலுக்கும். இரண்டுமே சந்தேகம்தான், தீர்ப்பு திசுவில்.

மாதவிடாய் நின்ற பிறகு முதன்முறையாக ரத்தம் பட்டவருக்கு, யோனிவழி ஸ்கேனில் உட்படலம் முழுவதும் தெளிவாகத் தெரிந்து, தடிமன் 4 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ இருந்தால் புற்றுநோய்க்கான வாய்ப்பு மிகக் குறைவு, 1 சதவீதத்துக்கும் கீழே. 'தெளிவாகத் தெரிந்து' என்பதை அழுத்திச் சொல்கிறோம். தசைக்கட்டிகள் மறைத்தாலோ கருப்பை கோணலாகக் கிடந்தாலோ அந்த 4 மில்லிமீட்டருக்கு மதிப்பில்லை. கசிவு மீண்டும் வந்தாலும் அப்படியே. தடிமன் எதுவானாலும் திசு எடுக்க வேண்டும். சீரஸ் என்ற வகைக் கருப்பை உட்படலப் புற்றுநோய், மிகைவளர்ச்சி என்ற படியையே மிதிக்காமல், மெலிந்த உட்படலத்திலேயே தோன்றுவது. ரத்த ஓட்டம் தெரியவில்லை, தடிமனும் இல்லை என்று ஸ்கேனை நம்பி இருந்துவிட்டால் முதலில் தப்பிப்போவது இந்த மூர்க்கமான வகைதான்.

பயாப்ஸி விஷயத்தில் சிறு சிறு கவனக்குறைவுகள் பெரிய குழப்பத்தில் முடிகின்றன. மெல்லிய பைப்பெல் குழாயால் எடுக்கும் திசு, பரவலாக உள்ள நோயை நன்றாகப் பிடிக்கும். ஒரு மூலையில் மட்டும் உள்ளதையும் பாலிப்புக்குள் ஒளிந்திருப்பதையும் விட்டுவிடலாம். திசுவின் பருமனைப்போல 10 மடங்கு ஃபார்மலினில் அதை உடனே போட வேண்டும். உப்புநீரில் போட்டு மறுநாள் வரை வைத்தால் செல்லின் உருவம் குலைந்துவிடும். கோரிக்கைப் படிவத்தில் வயது, கடைசி மாதவிடாய்த் தேதி, கசிவு எப்போது எப்படி வந்தது, என்ன ஹார்மோன் மாத்திரை, டாமாக்சிஃபென் உண்டா, கருப்பைக்குள் ஹார்மோன் சாதனம் உண்டா என்று எழுத வேண்டும். இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் மருந்தால் விரிந்த குழாயையும் நோயால் விரிந்த குழாயையும் பிரித்தறிவது எங்களுக்குக் கடினம். 'போதிய திசு இல்லை' என்று அறிக்கை வந்தால், 'நோய் இல்லை' என்று அதைப் படித்துவிடக் கூடாது. முடிவு சாதாரணமாக வந்தும் கசிவு நிற்கவில்லையென்றால் ஹிஸ்டெரோஸ்கோப்பி செய்து, அதாவது கருப்பைக்குள் மெல்லிய கருவியைச் செலுத்தி, கண்ணால் பார்த்துத் திசு எடுக்க வேண்டும்.

அறுவைக்குப் பிந்தைய அறிக்கையில் 'ரத்த, நிணநீர்க் குழாய்களுக்குள் புற்றுச்செல்கள்' என்று ஒரு வரி வரும். இதை நுண்குழாய் அடர்த்தியோடு பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். அடர்த்தி என்பது கட்டி எத்தனை குழாய்களை வரவழைத்தது என்பது; அதை அறிக்கையில் தருவது வழக்கமும் இல்லை, தேவையும் இல்லை. குழாய்க்குள் செல்கள் புகுந்திருப்பது நோய் பரவப் பாதை கிடைத்துவிட்டதற்கான அறிகுறி. ஃபிகோ என்ற பன்னாட்டு மகளிர் மருத்துவக் கூட்டமைப்பின் 2023 நிலைப்பகுப்பில், ஒரே ஸ்லைடில் 5 அல்லது அதற்கு மேற்பட்ட குழாய்களில் அப்படி இருந்தால், கருப்பைக்குள் அடங்கிய, மூர்க்கமில்லாத வகைக் கட்டியும் 2-ஆம் நிலைக்குப் போய்விடுகிறது. அந்த வரிக்குத்தான் மருத்துவரிடம் விளக்கம் கேட்க வேண்டும்.

ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்துகளைப் பற்றி ஆர்வத்தோடு விசாரிப்பவர்கள் பலர். பெவாசிசுமாப் விஇஜிஎஃப்-ஐக் கட்டிப்போடுகிறது. லென்வாட்டினிப் அதன் ஏற்பியை முடக்குகிறது. பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தோடு சேர்த்து, முற்றிய அல்லது திரும்பி வந்த கருப்பை உட்படலப் புற்றுநோயில் லென்வாட்டினிபுக்கு இடம் உண்டு. முந்தைய நிலைக்கும் தொடக்கநிலைக்கும் இவை சிகிச்சை அல்ல. ரத்தக்கொதிப்பு, சிறுநீரில் புரதம், ரத்த உறைகட்டி, அரிதாகக் குடலில் துளை என்று பக்கவிளைவுகள் கடுமையானவை. கருவைத் தாங்க வேண்டிய உட்படலத்துக்குப் புதுக்குழாய்கள் அவசியம் என்பதால், குழந்தை வேண்டும் பெண்ணுக்கு இவை ஒவ்வாதவை. எல்லாவற்றுக்கும் மேல், மிகைவளர்ச்சியில் குழாய்களைத் தூண்டுவது ஈஸ்ட்ரஜன். அதைத் தணிக்காமல் குழாயை மட்டும் அடைப்பதில் பயன் என்ன? குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் என்று விற்கப்படும் பொடிகளும் மாத்திரைகளும் இந்த நோயைக் குணமாக்கியதற்குச் சான்று கிடையாது. அவற்றை நம்பிக் கழியும் மாதங்கள்தான் இழப்பு.

அட்டிபியா இல்லாத மிகைவளர்ச்சிக்கு முதல் சிகிச்சை, புரோஜெஸ்டிரோனைப்போல வேலை செய்யும் புரோஜெஸ்டின் வகை மருந்தான லெவோநார்ஜெஸ்ட்ரல் 52 மில்லிகிராம் கொண்ட, கருப்பைக்குள் வைக்கும் சாதனம். தொடக்கத்தில் நாளொன்றுக்குச் சுமார் 20 மைக்ரோகிராம் மருந்தை அது உட்படலத்திலேயே விடுகிறது. சாதனம் வேண்டாதவர்களுக்கு மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் 10 முதல் 20 மில்லிகிராம், அல்லது நாரெதிஸ்டிரோன் 10 முதல் 15 மில்லிகிராம், மருத்துவரின் மேற்பார்வையில் தினமும், இடைவெளி விடாமல். குறைந்தது 6 மாதம் சிகிச்சை. 6 மாதத்துக்கு ஒருமுறை பயாப்ஸி. அடுத்தடுத்து இரண்டு முடிவுகள் சரியாக இருக்க வேண்டும். அட்டிபியா இருந்தால் கருப்பையை முழுமையாக அகற்றுவதே பரிந்துரை. குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு ஹார்மோன் சிகிச்சையோடு 3 மாதத்துக்கு ஒரு பயாப்ஸி. உட்படலத்தைச் சுட்டு அழிக்கும் அப்லேஷன் இங்கே கூடாது: அழியாமல் எஞ்சிய திசு தழும்புக்குள் மூடிக்கொண்டால் பிறகு பயாப்ஸி எடுக்கவே வழி இருக்காது.

சிகிச்சை நடுவில் பலரைக் கலவரப்படுத்தும் ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். புரோஜெஸ்டின் மருந்து உட்படலத்தை மெலியச் செய்யும்போது, மேற்பரப்புக் குழாய்கள் மெல்லிய சுவரோடு விரிந்து லேசாகக் கசியும். சாதனம் வைத்த முதல் சில மாதங்களில் துளித்துளியாக ரத்தம் படுவது இதனால்தான். நோய் கூடிவிட்டது என்று பயந்து சாதனத்தை எடுத்துவிட வேண்டாம். குறித்த தேதிப் பயாப்ஸியையும் தவறவிட வேண்டாம். கசிவு கனத்தாலோ, ஒருமுறை நின்றுபோய்ப் பிறகு புதிதாகத் தொடங்கினாலோ அந்தத் தேதிவரை காத்திருக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

உங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் இனி இந்த நோய் பற்றி எழுதும்போது, ரத்தக்குழாய்ப் படத்துக்குப் பக்கத்தில் இரண்டு வரிகளுக்கு இடம் ஒதுக்கக் கேட்டுக்கொள்கிறோம். மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பிறகு ஒரே ஒரு முறை, ஒரே ஒரு துளி ரத்தம் பட்டாலும் அந்த வாரமே மருத்துவரிடம் காட்ட வேண்டும். பயாப்ஸி அறிக்கை கைக்கு வந்ததும், அதில் அட்டிபியா உண்டா இல்லையா என்று எழுதியிருக்கிறதா என முதலில் பார்க்க வேண்டும். எழுதவில்லையென்றால் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
நோய்க்கூற்றியல், மகளிர் மருத்துவத் துறைகளில் பணிபுரியும் மருத்துவர்கள் சிலர்